குறைமாசக் குழந்தைக்கு டியூப் பால் குடுத்ததும் எந்தப் பக்கம் படுக்க வைக்கணும்?

கேள்வி – கொருக்குப்பேட்டையில இருந்து ஒரு தம்பி
6 நவம்பர் 2023, இரவு 10.50

எனக்கு அக்டோபர் 24 அன்னிக்கு பையன் பொறந்தான். 31 வாரம், 1310 கிராம். ஆக்சிஜன் எல்லாம் எடுத்தாச்சு, வாய் வழியா டியூப் போட்டு 2 மணி நேரத்துக்கு ஒருக்கா 14 மில்லி பால் குடுக்குறாங்க. அடுத்த பாலுக்கு முன்னாடி சிரிஞ்ச்ல இழுத்துப் பாத்தா 3 மில்லி, 4 மில்லி திரும்ப வருது. ஜீரணமாகலன்னு நேத்து ஒரு வேளை நிறுத்திட்டாங்க. ஒரு சிஸ்டர் குப்புறப் போடுறாங்க, நைட் டூட்டி சிஸ்டர் ஒருக்களிச்சு வைக்கிறாங்க, எங்க ஆயா குப்புறப் போட்டா மூச்சு முட்டிடும்னு வாசல்ல உக்காந்து அழுவுது. என்னைக் கேட்டா மல்லாக்க விட்டுட்டா போதும், இந்த பொசிஷன் எல்லாம் சும்மா. பால் தங்காததுக்கும் படுக்குறதுக்கும் என்ன சம்பந்தம்? அனுபவப்பட்டவங்க யாராவது சொல்லுங்க.

பதில் – குறைமாசப் பொண்ணைப் பெத்த ஒரு அம்மா
6 நவம்பர், இரவு 11.35

சம்பந்தம் இருக்கு தம்பி. எம்பொண்ணு 2019 ஜூன்ல பொறந்தா, 30 வாரம், 1180 கிராம், 43 நாள் வார்டுல இருந்தோம். நான் டாக்டரும் இல்ல நர்சும் இல்ல, ஆனா அந்த 43 நாளும் பொம்மை அட்டை போட்ட ஒரு 40 பக்க நோட்டுல ஒவ்வொரு பாலும் எத்தன மணிக்கு, எவ்ளோ, எந்தப் பக்கம் படுத்தா, எவ்ளோ திரும்ப வந்துச்சுன்னு எழுதி வெச்சேன், வேற என்ன பண்றதுன்னு தெரியாம எழுதினதுதான்.

முதல்ல ஒண்ணு. திரும்ப வர்ற பால் பால் கலர்லயே இருந்து, வயிறு மெத்துன்னு இருந்து, பையன் எப்பவும் போல கை கால் ஆட்டிக்கிட்டு இருந்தான்னா 3, 4 மில்லிக்கு நீங்க இப்படி பயப்பட வேணாம். இப்ப நெறைய எடத்துல ஒவ்வொரு பாலுக்கு முன்னாடியும் இழுத்துப் பாக்குறதையே விட்டுட்டாங்க. பச்சையா வந்தா, ரத்தம் தெரிஞ்சா, வயிறு உப்பி பளபளன்னு ஆயிட்டா, கொழந்த துவண்டு போயி மூச்சை அப்பப்ப நிறுத்துனா, அந்த நிமிஷமே சிஸ்டரைக் கூப்புடணும்.

பக்கம்னு கேட்டீங்கன்னா எம்பொண்ணுக்கு இடது பக்கம்தான் பால் சீக்கிரம் எறங்குச்சு. நாளைக்கு நோட்டைத் தேடி எடுத்து விவரமா எழுதறேன்.

7 நவம்பர், காலை 6.10

நேத்து நான் எழுதினது தப்பு, தயவு செஞ்சு அதை வெச்சு யார்கிட்டயும் பேசாதீங்க. பீரோ மேல இருந்து நோட்டை எறக்கிப் பாத்தேன். முதல் 6 நாளும் பக்கத்துக்குப் பக்கம் 'இ – நல்லா எறங்குச்சு'ன்னு இருக்கு, ஏழாவது நாள்ல அதையெல்லாம் கோடு போட்டு அடிச்சு 'வ'ன்னு மாத்திருக்கேன், ஓரத்துல 'கொழந்த கையப் பாரு'ன்னு எழுதிருக்கேன். அப்பதான் ஞாபகம் வந்துச்சு. நான் உக்காந்தது வார்மருக்கு, அதாவது கொழந்தையை சூடா வெக்கிற மேடைக்கு, கால்மாட்டுல, அங்க இருந்து பாத்தா என் இடது பக்கம் அவளுக்கு வலது பக்கம். ஒரு வயசான சிஸ்டர் நோட்டைப் பாத்துட்டு அவ கையைத் தொட்டுக் காட்டி, இது அவளோட வலது கைம்மா, நீ உன் கையை வெச்சு எழுதற, கொழந்த கையை வெச்சு எழுதுன்னு சொல்லிக் குடுத்தாங்க.

ஆக, பால் சீக்கிரம் எறங்குறது கொழந்தையோட வலது பக்கம். அதே அளவுக்கு, சில நாள் அதை விட நல்லா, குப்புறப் படுத்தப்ப.

7 நவம்பர், மதியம் 2.40

வலது பக்கம் ஏன்னு கேட்டிருக்கீங்க. அந்த சிஸ்டர் எனக்கு ஒரு பால் சங்கை கையில வெச்சுதான் காட்டினாங்க, அதையே சொல்றேன்.

இரைப்பையை ஒரு சங்கு மாதிரி நெனச்சுக்கோங்க. அகலமான வாய் உடம்போட இடது பக்கம், ஒடுங்குன மூக்கு வலது பக்கம், அந்த மூக்கு வழியாதான் பால் குடலுக்குப் போவுது. வலது பக்கம் ஒருக்களிச்சா மூக்கு கீழ வருது, பால் தானா எறங்கும். இடது பக்கம் ஒருக்களிச்சா பால் அந்த அகலமான பக்கத்துல தேங்கி நிக்கும், எறங்க நேரம் ஆவும்.

ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. தொண்டையில இருந்து வர்ற குழாய் இரைப்பைக்குள்ள நுழையற எடத்துல ஒரு சுருக்குப்பை மாதிரி வளையம் இருக்கு. எல்லா கொழந்தைக்கும் அது அப்பப்ப தானா தளரும். வலது பக்கம் படுத்திருக்கும்போது அந்த வளையம் பாலுக்குள்ள முங்கி இருக்கும், அப்ப தளந்துச்சுன்னா பால் மேல வந்துரும், எதுக்களிக்கும். இடது பக்கம் படுத்தா அந்த வளையம் பாலுக்கு மேல காத்துல இருக்கும், தளந்தாலும் வெறும் காத்துதான் வரும். மல்லாக்கப் படுத்தா அந்த வளையம் முதுகுப் பக்கமா இருக்குறதால அதுவும் முங்கிடும், குப்புறப் படுத்தா மேல ஏறிடும்.

அதாவது வலது பக்கம் சீக்கிரம் எறங்கும் ஆனா எதுக்களிக்கும், இடது பக்கம் எதுக்களிக்காது ஆனா மெதுவா எறங்கும். இதுக்கு 2007ல குறைமாசக் கொழந்தைங்களை வெச்சே ஒரு ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, பால் குடிச்சதும் முதல் 1 மணி நேரம் வலது பக்கம், அப்புறம் இடது பக்கம் திருப்புறதுன்னு. ரெண்டு நல்லதும் கெடச்சிருக்கு. எங்க வார்டுலயும் பாதி நேரம் கழிச்சு திருப்புவாங்க, ஏன் தூங்குற கொழந்தையைப் போட்டு பொரட்டுறாங்கன்னு முதல்ல எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு.

உங்க சிஸ்டர் ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு செய்யறாங்கன்னு நெனைக்காதீங்க தம்பி, ரெண்டு பேரும் ஒரே வேலையைத்தான் ரெண்டு விதமா செய்யறாங்க.

8 நவம்பர், இரவு 9.15

ஆயாவுக்கு.

எங்க அத்தையும் இதே மாதிரிதான். கண்ணாடி வழியா பாத்துட்டு "இன்னாடி இது, புள்ளைய குப்புறப் போட்டு கீறாங்க, நீ பாத்துக்கினு நிக்கிற"ன்னு கல்மண்டபம் வரைக்கும் கேக்குற மாதிரி கத்துனாங்க. அவங்க பயந்ததுல நியாயம் இருக்கு. குப்புறப் படுக்கறது வீட்டுக்கு ஆகவே ஆகாது. தூக்கத்துல திடீர்னு கொழந்த எறந்து போறது குப்புறப் படுக்குற கொழந்தைங்களுக்கு அதிகம், குறைமாசத்துக்கு இன்னும் அதிகம். ஆனா வார்டுல காலுல செவப்பா எரியுதே ஒரு பட்டி, அது ஒவ்வொரு நொடியும் ஆக்சிஜனையும் துடிப்பையும் பாத்துக்கிட்டே இருக்கு, கொஞ்சம் எறங்குனாலும் மிஷின் கத்தும், பக்கத்துலயே ஆள் இருக்காங்க. அங்க குப்புறப் போட்டா மூச்சும் சீரா வரும், வயித்துல பாலும் தேங்காது. வீட்டுக்கு அனுப்பறதுக்கு நெறைய நாள் முன்னாடியே மல்லாக்கப் பழக்கிடுவாங்க, பழக்கலன்னா நீங்களே கேளுங்க.

மல்லாக்கப் படுத்து கக்கினா பொறை ஏறாதான்னு அடுத்து கேப்பாங்க. மல்லாக்க இருக்கும்போது மூச்சுக்குழாய் மேல, உணவுக்குழாய் கீழ. கக்கின பால் மேட்டுல ஏறித்தான் மூச்சுக்குழாய்க்குள்ள போகணும், அதனால பெரும்பாலும் முழுங்கிடும். குப்புற இருந்தா இது அப்படியே தலைகீழ். இதை ஆயாகிட்ட கையை மேல ஒண்ணு கீழ ஒண்ணு வெச்சுக் காட்டுங்க, எங்க அத்தை அப்படித்தான் ஒத்துக்கிட்டாங்க.

10 நவம்பர், இரவு 12.20

தூக்கம் வரல. 3 நாளா பக்கம் பக்கம்னு எழுதிட்டேன், இன்னிக்கு நோட்டை முதல்ல இருந்து படிச்சா வேற ஒண்ணு கண்ணுல படுது.

15வது நாள்ல இருந்து 19வது நாள் வரைக்கும் ராத்திரி 10 மணி பாலும் 12 மணி பாலும் மட்டும் தங்கவே இல்ல. வலது பக்கம் போட்டாலும் தங்கல, குப்புறப் போட்டாலும் தங்கல, 5 மில்லி 6 மில்லின்னு திரும்புது. பகல்ல அதே பால், அதே அளவு, அதே படுக்கை, ஒண்ணுமே திரும்பல. 19வது ராத்திரி நான் பால் பீச்சிக் குடுக்கப் போனப்பதான் பாத்தேன், அந்த நேரத்துக்கு இருந்தவங்க சிரிஞ்ச்ல பிஸ்டனைப் போட்டு தள்ளுறாங்க, ஒரே தள்ளு, 12 மில்லி அரை நிமிஷத்துல உள்ள போயிடுச்சு, எம்பொண்ணு மொகம் சுருங்கி, உதடு நீலமாகி, வாயோரம் பால் வழிஞ்சு, மிஷின் கத்த ஆரம்பிச்சுது. அவங்க முதுகைத் தேச்சு விட்டாங்க, 20 நொடி இருக்கும், கலர் வந்துருச்சு. அந்த 20 நொடியை நான் இன்னிக்கு வரைக்கும் எறக்கி வைக்கல. கேட்டதுக்கு 14 கொழந்தைக்கு நான் ஒருத்தி, நின்னு ஊத்த நேரம் இல்லன்னாங்க. அதுவும் உண்மைதான், அந்த வார்டுல அன்னிக்கு அவ்ளோ கூட்டம், ஆனாலும் செஞ்சது தப்பு.

மறுநாள் காலையில அந்த பெரிய சிஸ்டர்கிட்ட அழுதேன். அவங்க பிஸ்டனைக் கழட்டி வெச்சுட்டு வெறும் குழலை என் கையில குடுத்து, டியூப்போட ஒட்டின பிளாஸ்டர்ல மார்க் நகராம இருக்கான்னு முதல்ல பாக்கச் சொல்லி, பாலை ஊத்தி, நீயே புடின்னு விட்டாங்க. குழலை ஒசத்துனா பால் வேகமா எறங்கும், தாழ்த்துனா மெதுவா எறங்கும். ரொம்பத் தாழ்த்திட்டா பால் மேல ஏறி நுரை வரும். கொழந்த மூச்சு விடற ஒவ்வொரு தடவையும் அந்தப் பால் மட்டம் துளியூண்டு ஏறி எறங்கும் தம்பி, அதைப் பாத்துக்கிட்டே இருக்கலாம். அன்னிக்கு 12 மில்லிக்கு எனக்கு 18 நிமிஷம் ஆச்சு. அதுக்கப்புறம் ராத்திரி பாலை நானே புடிச்சேன், அவங்களும் விட்டாங்க, 20வது நாள்ல இருந்து நோட்டுல 'திரும்பல, திரும்பல, திரும்பல'.

அதனால நேத்து வரைக்கும் நான் படுக்கைக்குக் குடுத்த பேர்ல பாதியை இதுக்குக் குடுக்கணும்னு இப்ப தோணுது. உங்க பையனுக்கு யாரு எப்படி ஊத்துறாங்கன்னு ஒரு நாள் நின்னு பாருங்க. சண்டை போடாதீங்க, நான் புடிச்சுக்கவா சிஸ்டர்னு கேளுங்க, அவங்களுக்கும் அது ஒத்தாசை.

11 நவம்பர், மதியம் 1.05

தலைமாட்டை ஒசத்தி வைக்கலாமான்னு வேற ஒருத்தர் கேட்டிருக்காங்க. எங்க வார்டுலயும் வெச்சாங்க. ஆனா அவ்ளோ சின்ன ஒடம்பு சறுக்கி கீழ வந்து, வயிறு மடங்கி, கழுத்து நெஞ்சுல குத்தி நிக்கும், நாங்க திரும்பத் திரும்ப மேல இழுத்து விடுவோம். எதுக்களிப்பு அதால கொறையும்னு குறைமாசக் கொழந்தைங்கள்ல உறுதியா நிரூபணம் ஆகல. அதை விட துணியைச் சுருட்டி சுத்தி வர கூடு மாதிரி வெச்சு, கையும் காலும் மடங்கி நடுவுல இருக்குற மாதிரி வைக்கிறது ஒடம்பை அப்படியே தாங்கும், கொழந்தைக்கு திடுக்குன்னு தூக்கிப் போடாது.

14 நவம்பர், காலை 11.30

14 மில்லி 18 ஆச்சா. கணக்கு சொல்றேன். முழுப் பாலுன்னா ஒரு நாளைக்கு கிலோவுக்கு 150ல இருந்து 180 மில்லி வரைக்கும். உங்க பையன் இப்ப 1380 கிராம், 18ஐ 12 தடவைன்னா 216, கிலோவுக்கு 156 ஆவுது. முழுப் பாலுக்கு வந்துட்டான் தம்பி! எம்பொண்ணு 2 மில்லியில ஆரம்பிச்சு இந்த எடத்துக்கு வர ரொம்ப நாள் ஆச்சு.

இனிமே கேக்க வேண்டியது கங்காரு, அதாவது கொழந்தையை வெறும் நெஞ்சோட ஒட்டி வெச்சுக்கறது. உங்களையும் சேத்துதான் சொல்றேன், அம்மாதான் வெக்கணும்னு இல்ல. சட்டையைக் கழட்டிட்டு நெஞ்சுக்கு நடுவுல நிமிந்த மாதிரி வெச்சு, காலு தவளை மாதிரி விரிஞ்சு, தலை ஒரு பக்கம் திரும்பி, தாடை லேசா நிமிந்து இருக்கணும், தாடை நெஞ்சுல அழுந்துனா மூச்சு அடைக்கும். சுத்திக் கட்ட எங்க வீட்டுக்காரருக்கு எம்.சி. ரோட்டுல வாங்கின கட்டம் போட்ட லுங்கிதான். காசிமேட்டுல மீன் ஏலம் முடிஞ்சு வந்து ரெண்டு தடவ சோப்புப் போட்டுக் குளிச்சுட்டுதான் நெஞ்சுல வெச்சுக்குவாரு. அந்த வருஷம் தண்ணி லாரிக்கு நாங்க பட்ட பாடு உங்களுக்கே தெரியும், அப்பவும் அவருக்குன்னு ரெண்டு பக்கெட் எடுத்து வெச்சுடுவாங்க அத்தை.

இதுவும் ஒரு பொசிஷன்தானே. நெஞ்சுல இருக்கும்போதே டியூப் பால் குடுக்கலாம். நிமிந்து இருக்கு, குப்புறவும் இருக்கு, சூடும் இருக்கு. நோட்டுல வயிறு 'மெத்து'ன்னு எழுதின பக்கம் எல்லாம் பெரும்பாலும் கங்காரு வெச்ச நேரம்தான்.

இது 1978ல கொலம்பியாவுல பொகோட்டாங்குற ஊர்ல இன்குபேட்டர் பத்தாம ஒரு டாக்டர் ஆரம்பிச்சது. 2021ல நம்ம நாடு உள்பட 5 நாட்டு ஆஸ்பத்திரிகள்ல நடந்த ஆராய்ச்சி வந்துச்சு. 1 கிலோவுல இருந்து 1.8 கிலோவுக்குள்ள இருக்குற கொழந்தைங்களை, நெலமை சீராவட்டும்னு காத்திருக்காம பொறந்த உடனேயே நெஞ்சுல வெச்சதுல முதல் 28 நாள்ல சாவு கால் பங்கு கொறஞ்சுது. எல்லா மருந்துக்கும் மேலன்னு எனக்கு ஒண்ணு தோணுச்சுன்னா அது இதுதான்.

15 நவம்பர், இரவு 8.50

40 நிமிஷம் வெச்சீங்களா! நல்லா இருங்க. அசையாம உக்காந்து தோள்பட்டை வலிக்கும், அடுத்த தடவை முதுகுக்குத் தலகாணி வெச்சுக்கோங்க.

21 நவம்பர், மாலை 5.00

இது அவசரம். பால் நல்லா போவுது, வெயிட் ஏறுதுன்னு சந்தோஷத்துல கண்ணு டெஸ்ட்டை விட்டுடாதீங்க. 34 வாரத்துக்கு முன்னாடி பொறந்தாலோ 2 கிலோவுக்குக் கீழ இருந்தாலோ பொறந்து 30 நாளுக்குள்ள விழித்திரை பாக்கணும். உங்களுக்கு 23ஆம் தேதியோட முடியுது. இன்னிக்கே கேளுங்க.

நம்ம பேச்சுக்கும் இது சம்பந்தம்தான். கண்ணு பாவையை விரிக்க ஊத்துற சொட்டு மருந்து உள்ள எறங்கி இரைப்பையையும் மந்தமாக்கும். எம்பொண்ணுக்கு 11 நாளா ஒண்ணும் திரும்பாம இருந்து, டெஸ்ட் அன்னிக்கு சாயங்காலம் 7 மில்லி திரும்புச்சு, வயிறும் லேசா உப்புச்சு, நான் எல்லாம் போச்சுன்னு நெனச்சேன். மறுநாள் மதியம் சரியாயிடுச்சு. சொட்டு மருந்து போட்டதும் அதிகமா வழியறதைத் தொடைச்சு விடச் சொல்லுங்க, டெஸ்ட்டுக்கு கொஞ்சம் முன்னாடி வயிறு நெறைய பால் குடுக்க வேணாம்.

29 நவம்பர், இரவு 10.10

வீட்டுக்கு வந்துட்டானா, 36 வாரம், 1790 கிராம். ஆயாவுக்கு இனிப்பு குடுத்தீங்களா.

உறிஞ்சறது, முழுங்கறது, மூச்சு விடறது மூணும் ஒண்ணா சேர ஏறக்குறைய 34 வாரம் ஆவும், அதனால இப்ப மார்புல நேரடியாவே குடிப்பான், மிச்சத்துக்கு சங்கு. தூங்குற கொழந்தைக்கு சங்கு வெக்கவே கூடாது. அரை உக்காந்த மாதிரி மடியில சாய்ச்சு, சங்கு மூக்கை வாயோரத்துல வெச்சு, பாலை ஊத்தாம உதட்டுல தொட விட்டு, அவன் நாக்கை நீட்டி இழுக்கட்டும், முழுங்கற சத்தம் கேட்ட பிறகு அடுத்த துளி. ஒவ்வொரு தடவையும் சங்கைக் கழுவி கொதிக்க வைங்க. குடிச்சதும் தோள்ல நிமித்தி 20 நிமிஷம், அப்புறம் மல்லாக்க. வலது பக்கம் இடது பக்கம் எல்லாம் மிஷின் இருந்த வார்டோட முடிஞ்சுது.

தூளி வேணாம், இப்போதைக்கு. தூளியில முதுகு வளைஞ்சு தாடை நெஞ்சுல முட்டும், முழுமாசக் கொழந்த தலையைத் திருப்பிக்கும், இவனுக்கு அந்த பலம் இல்ல.

அப்புறம் தெருவுல ஆளாளுக்கு வந்து சொல்லுவாங்க. லேசா கக்கினா வயித்துல ஏதோ ஒட்டிக்கிச்சு, தொக்கம்னுவாங்க, அழுதா உரம் விழுந்துருக்கு, பொடவையில போட்டு உருட்டி எடுக்கலாம்னுவாங்க, ஒரு சங்கு கழுதைப்பால் குடுத்தா தொண்டை நல்லா வரும்னுவாங்க. எங்க அத்தைக்கே தொக்கம் எடுக்குறவங்க கிட்ட கூட்டிட்டுப் போகணும்னு ஆசை. நான் அவங்க கையில 43 நாள் நோட்டைக் குடுத்து, ஒவ்வொரு மில்லியா ஏத்தின வயிறு அத்தை இது, தாய்ப்பால் தவிர எதுவும் வேணாம்னு கையைப் புடிச்சுக்கிட்டேன். அவங்களுக்குப் படிக்கத் தெரியாது, பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு எங்கிட்டயே குடுத்துட்டாங்க, அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல.

5 டிசம்பர், காலை 7.20

போன்ல 11 சதவீதம்தான் சார்ஜ் இருக்கு. புயல் மழையில கொருக்குப்பேட்டையில இடுப்பளவு தண்ணின்னு கேள்விப்பட்டேன். மாடி வீட்டுக்குப் போயிட்டீங்கன்னா இங்க ஒரு வார்த்த போடுங்க. கரண்ட் இல்லாததுக்கு கவலைப்படாதீங்க, லுங்கியை எடுங்க, நெஞ்சுல வெச்சு மாத்தி மாத்தி நீங்க ரெண்டு பேரும் நாள் பூரா வெச்சுக்கோங்க, தலைக்குக் குல்லா, காலுக்கு சாக்ஸ். ஃப்ரிட்ஜ்ல எடுத்து வெச்ச பாலைக் கொட்டிடுங்க. மார்புல குடிக்கட்டும், குடிக்கலன்னா அப்பப்ப பீச்சி அப்பவே குடுங்க. சங்கு கொதிக்க வைக்க வழியில்லன்னா சங்கையே தொடாதீங்க. பால் குடிக்க எழும்பலன்னாலும் கால் சில்லுன்னு இருந்தாலும் 108.

5 டிசம்பர், மதியம் 3.45

7 சதவீதம். இன்னும் பதில் இல்ல. யாராவது அந்தப் பக்கம் படகுல போறவங்க இருந்தா சொல்லுங்க, 42 நாள் கொழந்த.

7 டிசம்பர், இரவு 9.30

இப்பதான் கரண்ட் வந்துச்சு, உங்க பதிலைப் பாத்தேன். மூணு நாளும் நெஞ்சுலயே இருந்தானா. ஆயாவும் ரெண்டு மணி நேரம் வெச்சுக்கிட்டாங்களா, அதை எங்க அத்தைக்கு சத்தமா படிச்சுக் காட்டினேன்.

கேட்ட சந்தேகத்துக்கு: ரெண்டு தடவ கக்கினது தயிர் மாதிரி திரிஞ்சு வெள்ளையா இருந்து, அப்புறமும் குடிச்சான்னா பரவால்ல, குடிச்சதும் நிமித்தி வைக்கிற நேரத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்க. நாளைக்கு வெயிட் போட ஆட்டோவுல போறப்ப லுங்கியை அவுக்காதீங்க, அப்படியே கட்டிக்கிட்டு மேல சட்டையைப் போட்டுக்கோங்க, தராசுகிட்ட போயி அவுத்தா போதும். எவ்ளோ கிராம்னு எழுதுங்க, நோட்டுல கடைசிப் பக்கம் காலியாத்தான் இருக்கு.